மைனஸ் நாற்பத்தொன்று

ஏனுங்க தம்பி, இந்தப் பைய உங்க காலுக்குப் பக்கத்துல சித்த வெச்சுக்கலாமுங்களா? மேல வெச்சா மறந்துருவனுங்க. உள்ள பட்டுச்சேலை இருக்குது. எம்பொண்டாட்டி எடுத்துக் குடுத்தது. இதை மறந்து எறங்கிட்டன்னா நான் காங்கயத்துக்குத் திரும்பவே முடியாதுங்க. கரூர்லயே ஒரு கொட்டாய் போட்டு உக்கோந்துக்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் வேலைங்களா? கழுத்துல அட்டை தொங்குதே, அதான் கேட்டேன். நல்லதாப் போச்சு. இந்த நாயத்தை உங்களாட்ட ஆளுகிட்டத்தான் சொல்லோணும். கண்டக்டர்கிட்ட ஆரம்பிச்சேன், அவரு பாதியிலயே சில்லறை கேட்டுட்டுப் போயிட்டாரு.

ஒண்ணு சொல்றேன், சிரிக்கப்படாது. எங்கண்ணன் பொண்ணுக்கு நான் மார்க்குப் போட்டனுங்க. மைனஸ் நாப்பத்தொண்ணு. பரிச்சைக்கு இல்லீங்க. பாசத்துக்கு.

சிரிக்கப்படாதுன்னு சொன்னனா இல்லீங்களா?

எம்பேரு சென்னியப்பன். காங்கயத்துல கொப்பரைக் களம், ரோட்டு மேல ஒரு எண்ணெய்க் கடை. முப்பது வருசமாக் கொப்பரை வாங்கறேன். எங்கப்பாரு காலத்துல ஒடச்சுப் பாத்து, மோந்து பாத்து ஈரம் எத்தனைன்னு சொல்லுவாங்க. அவரு ஒண்ணு சொல்லுவாரு, யாவாரி ஒண்ணு சொல்லுவான், களத்துலயே சண்டை வரும். இப்ப அதுக்கு மெஷின் வந்துருச்சுங்க. குத்துனா நம்பரு காட்டும். ஆறுக்கு மேல போச்சுன்னா லோடைத் திருப்பி அனுப்பிருவேன். எத்தனை வருசப் பழக்கமா இருந்தாலும் சரி. மெஷின் சொல்லிருச்சு, போங்கன்னுருவேன். மனுசன் சொன்னாத்தான சண்டைக்கு வருவாங்க, மெஷின் சொன்னா யாருகிட்டப் போய் மல்லுக் கட்டறது? எனக்கு அதுல ஒரு பெருமைங்க. சென்னியப்பன் மொகம் பாக்கமாட்டான், நம்பரைத்தான் பாப்பான்னு ஊருக்குள்ள ஒரு பேரு.

அந்தப் பேருதான் என்னை இந்த பஸ்ஸுல கொண்டாந்து உக்கார வெச்சிருக்குது.

எம்பையன் தரணி. ஒரே பையன். பெங்களூருல உங்களாட்டத்தான் அட்டை மாட்டீட்டு இருக்கறான். போன தீவாளிக்கு வந்தப்ப ஒரு வெப்சைட் பண்ணிக் காட்டுனான். பேஸ்புக்குல, வாட்ஸப்புல சனங்க எழுதறதைக் காப்பி பண்ணி ஒரு கட்டத்துல போட்டு பட்டனைத் தட்டோணும். எழுதுனவங்க மனசு நல்லா இருக்குதா, கெட்டுப் போயிருக்குதான்னு சொல்லிரும். நல்லதா இருந்தா பச்சைப் பந்து. கெட்டதா இருந்தா செவப்பு. ரெண்டுமில்லாட்டி மஞ்சள். பக்கத்துல ஒரு நம்பரு. நம்ம கடையோட பேஸ்புக் பக்கத்துல கஸ்டமருங்க என்ன எழுதறாங்கன்னு பாக்கட்டும்னு எனக்காகப் பண்ணுனதுங்க.

“அப்பா, இது ரொம்ப சிம்பிளானது. உள்ள ஒரு பட்டியல் இருக்குது. நல்ல வார்த்தை வந்தா ஒண்ணு கூட்டும், மோசமான வார்த்தை வந்தா ஒண்ணு கழிக்கும். அத்தனைதான். அதுக்கு மனுசங்களைத் தெரியாது. ரொம்ப நம்பாதீங்க”ன்னு சொன்னான்.

சொன்னானுங்க. சொல்லலைன்னு பொய் சொல்லமாட்டேன். அவன் வாயை யாரு பாத்தா? நான் பந்தையே பாத்துட்டு இருந்தேன்.

மொத வாரமே எனக்குப் புத்தி வந்திருக்கோணும். தாராபுரத்துக்காரரு ஒருத்தரு, “உங்க எண்ணெய் வாங்க ஆரம்பிச்சதுல இருந்து நெஞ்சு எரிச்சல் இல்லை, வயிற்று வலி இல்லை, கலப்படம் என்ற பயம் இல்லை”ன்னு எழுதியிருந்தாரு. பையன் பண்ணுன அந்த மெஷின் எரிச்சல், வலி, கலப்படம், பயம்னு நாலைக் கழிச்சு செவப்புப் பந்தைக் காட்டுச்சு. நான் அந்த மனுசனைப் போன்ல புடிச்சு, “எங்க எண்ணெய் மேல உங்களுக்கு என்னங்க அத்தனை காட்டம்?”னு அரை மணி நேரம் சண்டை போட்டனுங்க. அவரு இப்ப வேற கடைல வாங்கறாராமா.

ஒரு நிமிசமுங்க. போனு. இல்ல, வேற யாரோ. ஒரு மெசேஜுக்குக் காத்துட்டு இருக்கறேன், அதான் கை சும்மா இருக்கமாட்டீங்குது. அதை அப்பறம் சொல்றேன்.

பையனுக்குக் கல்யாணமுங்க. வர்ற ஞாயித்துக்கெழமை. நீங்க எந்தப் பக்கமுங்க? தஞ்சாவூருங்களா? அப்ப உங்களுக்கு இணைச்சீர் தெரியாது. எங்க பக்கம் மாப்பிள்ளை தாலி கட்டறதுக்கு முன்னால அவன் கூடப் பொறந்தவளுக்கு ஒரு சீர் உண்டு. அவளும் பட்டு கட்டி, நகை போட்டு, கல்யாணப் பொண்ணாட்ட அவன் பக்கத்துல உக்கோருவா. சீர் பண்ற அருமைக்காரரு வந்து முறையா நடத்தி வெப்பாரு. இந்த ஊட்டுக்கு நாளைக்கு ஒருத்தி வந்தாலும் இங்க பொறந்தவளோட உரிமை போயிராதுன்னு ஊரறியச் சொல்றதுங்க அது. கூடப் பொறந்தவ இல்லாட்டி, பெரியப்பன் பொண்ணோ சித்தப்பன் பொண்ணோ உக்கோருவா. எம்பையனுக்குக் கூடப் பொறந்தவ இல்லை. அப்ப யாரு உக்கோர்றது?

பாத்தா அது ஒரு கேள்வியே இல்லீங்க. எங்கண்ணன் பொங்கியண்ணன் பொண்ணு ஜீவிதா இருக்கறா. கரூர்ல கட்டிக் குடுத்திருக்குது. எம்பையனுக்கு நாலு வயசு மூத்தவ. சின்னதுல அவனை இடுப்பை உட்டு எறக்கமாட்டா. அண்ணி முந்தியே போயிட்டாங்க. அண்ணன் தவறி நாலு வருசமாச்சு. அந்தப் புள்ளைக்குப் பொறந்த ஊடுன்னா இப்ப எங்க ஊடுதான். கேள்வியே இல்லை. நாந்தான் அதைக் கேள்வி ஆக்குனேன்.

எஞ்சித்தப்பா பையன் குணசேகரன் கோயமுத்தூருல இருக்கறான். அவனுக்கு ஒரு பொண்ணு, வர்ஷினி. “எம்புள்ளையும் உக்கோரலாமுல்லண்ணா”ன்னு போன்ல ஒரு வார்த்தை கேட்டுட்டான். பட்டுனு “இல்லப்பா, ஜீவிதாதான்”னு சொல்லியிருக்கலாம். மொகம் முறியுமேன்னு எனக்கு வாய் வரல. ராத்திரியும் பகலும் அதே ரோசனை. அப்பறம் மெஷின் ஞாபகம் வந்துச்சு. மெஷின் சொன்னா யாரு சண்டைக்கு வரப்போறாங்க?

எங்க சொந்தக்காரங்க குரூப்பு ஒண்ணு இருக்குதுங்க, நூத்திப் பன்னண்டு பேரு. ரெண்டு பொண்ணுகளும் நாலு வருசமா அதுல போட்டது, பேஸ்புக்குல போட்டது, எல்லாத்தையும் காப்பி பண்ணுனேன். களத்துல கொப்பரை காயக் காய, நெழல்ல கட்டலைப் போட்டுட்டு மூணு நாள் அதே வேலை. படிச்சனான்னு கேக்கறீங்களா? ஒரு லோடு கொப்பரைல ஒவ்வொண்ணையுமா கடிச்சுப் பாப்பாங்க? அள்ளிப் போட்டுக் குத்த வேண்டியதுதான்.

ஆனா கண்ணுல பட்டதைச் சொல்றேன். வர்ஷினி தெனமும் காலைல ஒரு ரோசாப்பூப் போடுவா. “இந்த நாள் இனிய நாளாகட்டும்.” யாரு என்ன போட்டாலும் “அருமை”, “சூப்பர்”, “வாழ்த்துக்கள்”. போன ஆவணில நான் களத்துல வழுக்கி உழுந்து காலை ஒடச்சுட்டனுங்க. மாவுக்கட்டுப் போட்ட காலைப் போட்டோ எடுத்து எம்பொண்டாட்டி குரூப்புல போட்டா. மொத ஆளா வந்து வர்ஷினி, “சூப்பர் பெரியப்பா, வாழ்த்துக்கள்”னு போட்டு மூணு பூ வெச்சிருந்தா. வேலை அவசரத்துல கை தட்டியிருக்கும், பாவம். மெஷின் அதுக்கும் பச்சைதான் குடுத்துச்சு. மொத ஆளா வந்தா பாருங்க, நான் அதைத்தான் பாத்தேன்.

ஜீவிதா அப்படியில்லீங்க. “சித்தப்பா, டின்னு மூடி ஒழுகுது, கேவலமா இருக்குது, மாத்துங்க.” “சித்தப்பா, நோம்பிக்கு எட்டு ஜிலேபி தின்னீங்களாமா, அறிவு இருக்குதா? சுகர் ஏறிச் சாகறதுக்கா?” எம்பையன் ஒரு போட்டோ போட்டா, “டேய் எருமை, மூஞ்சியைப் பாரு, கண்றாவி, சோறு திங்கறயா இல்லையாடா.” இப்படியேதான் எல்லாம்.

இன்னொண்ணு பாருங்க. நான் காலொடிஞ்சு கெடந்த ஒம்பது நாளும் அவ குரூப்புல ஒரு வார்த்தை போடல. அதையும் நான் தனியாக் குறிச்சு வெச்சனுங்க. ஆஸ்பத்திரில எங்கட்டலுக்குக் கீழ பாய் போட்டுப் படுத்திருந்தா, அது வாஸ்தவம். தூக்கி உக்கார வெக்கறது, கஞ்சி ஊத்தறது, மாத்திரை குடுக்கறது, நர்ஸுங்ககூடச் சண்டை போடறது, எல்லாம் அவதான். ஆனா போஸ்ட்டுன்னு பாத்தா ஒண்ணுமில்லீங்களே. மெஷினுக்கு நான் எதைக் காப்பி பண்ணிப் போடறது?

பட்டனைத் தட்டுனேன். வர்ஷினி, பிளஸ் ஆயிரத்து எரநூத்தி ஆறு. பச்சைன்னா பச்சை, வாழையெலைப் பச்சை. ஜீவிதா, மைனஸ் நாப்பத்தொண்ணு.

அத்தோட நிறுத்தியிருந்தாலும் ஊரு தாங்கியிருக்கும். நாந்தான் நாயஸ்தனாச்சே! ரெண்டு பந்தையும் போட்டோ புடிச்சு, குரூப்புல போட்டு, கீழ எழுதுனேன்: “மெஷின் முடிவுப்படி இணைச்சீர் வர்ஷினிக்கு. யாருக்கும் மனவருத்தம் வேண்டாம்.” களத்து வாசல்ல கொப்பரை ரேட்டு எழுதிப் போடறாப்புல. நூத்திப் பன்னண்டு பேரு பாக்கறாங்க தம்பி. அதுல ஜீவிதாவோட மாமனாரும் இருக்கறாரு.

எம்பொண்டாட்டி பூங்கொடி அடுப்படில இருந்து போனும் கையுமா வந்தா. “ஏனுங்க, உங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா?”ன்னா. “நான் என்ன பண்ணட்டும், மெஷின் சொல்லுது”ன்னேன்.

பத்து நிமிசத்துல குரூப்புல ஒரு வரி வந்துச்சுங்க. “ஜீவிதா வெளியேறினார்.”

அதுக்கப்பறம் அவ ஒரு எழுத்து எழுதல. ஒரு மாசம் பாத்தேன். கட்டத்துல அவ பேரைப் போட்டு வெறுமனே பட்டனைத் தட்டுனா ஜீரோ. மஞ்சப் பந்து. ‘நடுநிலை’ன்னு காட்டுச்சு. நான் என்ன பண்ணுனேன் தெரியுமுங்களா? சந்தோசப்பட்டேன். பூங்கொடியைக் கூப்பிட்டு, “பாத்தியா, மைனஸ்ல இருந்து ஜீரோவுக்கு வந்துட்டா. நாப்பத்தியொரு மார்க்கு முன்னேறிட்டா புள்ள”ன்னேன். அவ தட்டத்துல வெறுஞ்சோத்தைப் போட்டு என் முன்னால வெச்சுட்டு, “கொழம்பை மெஷின்கிட்டக் கேட்டு ஊத்திக்கங்க”ன்னுட்டுப் போயிட்டா. அன்னைக்கு மோரை ஊத்தித் தின்னேன்.

இது வெள்ளகோயிலுங்களா? ஆமா, வெள்ளகோயிலு. டீ சாப்புடறீங்களா? வேண்டாமுங்களா? நானும் எறங்கலீங்க, போனு சிக்னல் இங்க நல்லாக் கெடைக்குது.

போன சனிக்கெழமை வர்ஷினிகிட்ட இருந்து ஒரு மெசேஜு. “அன்பான பெரியப்பா, கல்யாணத்தன்னிக்கு ஆபீஸ்ல எல்லாரும் கோவா போறோம், செம ஜாலி! அதனால சீருக்கு வர முடியல. கல்யாணம் அருமையா நடக்க இனிய வாழ்த்துக்கள். லவ் யூ பெரியப்பா.” நாலு பூ. கல்யாணத்துக்கு எட்டே நாள் இருக்குது, கையை விரிச்சுட்டா. நான் ஒடனே அதை மெஷின்ல போட்டேன். ஆமாங்க, போட்டேன். பழகுன கை சும்மா இருக்குமுங்களா? பிளஸ் ஒம்பது வந்துச்சு.

அந்தப் பச்சைப் பந்தைப் பாத்தேன். சீருக்கு ஆளில்லை, பந்து பச்சையா இருக்குது. அப்பத்தான் உள்ள எங்கியோ ஒரு ஆணி கழண்டாப்புல இருந்துச்சு.

“இப்பவாச்சும் அந்தப் புள்ளைக்குப் போனைப் போடுங்க”ன்னா பூங்கொடி. போனைப் போட எனக்கு மூஞ்சி எங்க இருக்குது? மெசேஜ் போட்டேன். “வர்ஷினிக்கு வசதிப்படவில்லை. ஆகவே நீ வந்து சீருக்கு உட்காரவும்.” ஒரு யாவாரி லோடு அனுப்பலைன்னா அடுத்த யாவாரிக்கு எழுதுவம் பாருங்க, அதே மாதர. இப்ப சொல்றப்ப எனக்கே கூசுது. அப்பக் கூசல.

சாயங்காலம் பதில் வந்துச்சுங்க. “அன்புள்ள சித்தப்பா, தங்கள் அழைப்புக்கு மிக்க நன்றி. மகிழ்ச்சி. திருமணம் சிறப்பாக நடைபெற இனிய வாழ்த்துக்கள்.” மூணு பூ, ஒரு கும்புடு. மெஷின்ல போட்டேன். பிளஸ் ஏழு! தம்பி, அந்தப் புள்ள ஆயுசுல எனக்குக் குடுத்த மொத பச்சை. எனக்குத் தலைகால் புரியல. தரணி லீவுல வந்துட்டான், அவன்கிட்ட ஓடுனேன். “பாருடா, உங்கக்கா சமாதானமாயிட்டா!”

அவன் வாங்கிப் படிச்சான். படிச்சுட்டு மொகம் செத்துப் போச்சு. “அப்பா, அக்கா என்னைக்குப்பா உங்களைத் தங்கள்னு எழுதியிருக்கறா? இது எப்பவாச்சும் வந்து போற ஒறம்பரைக்கு எழுதறதுப்பா. அவ வரமாட்டா”ன்னான்.

செவப்பா வந்த மெசேஜுல பூராவும் அவ இருந்தா. இந்தப் பச்சைல அவளைக் காணோம்.

தரணி அப்பறம் நான் மூணு நாள் உக்கோந்து காப்பி பண்ணுன அந்த மூட்டையைத் தெறந்தான். எந்த வார்த்தைக்கு எத்தனை கழிச்சுதுன்னு காட்டறதுக்கு அதுல ஒரு பட்டன் இருக்குதாமா. எனக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் தட்டியிருக்கமாட்டேன். தட்டுனான். “அப்பா, நாப்பத்தொண்ணுல இருவத்தேழு இந்த நாலு போஸ்ட்டுலதான் போயிருக்குது. தேதியைப் பாருங்க”ன்னான்.

நாலும் ஒரே தேதி. வருசத்துக்கு ஒண்ணு. எங்கண்ணன் தவறுன நாளுங்க.

படிச்சுக் காட்டுனான். நீளமான போஸ்ட்டு. நான் ஒரு வருசமும் படிச்சதில்லை, கட்டை விரலைத் தூக்கிக் காட்ற பொம்மையைத் தட்டிட்டுப் போயிருக்கறேன். அப்பன் செத்த நாளுன்னு ஒரு புள்ள எழுதியிருக்குது, நான் ‘சபாசு’ன்னு கட்டை விரலைக் காட்டியிருக்கறேன். நாலு வருசமும். அதுல ஒண்ணு இன்னும் காதுலயே நிக்குது. “அப்பா, இன்னும் வலிக்குது. அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டறப்ப அழுகை வருது. நீங்க இல்லாமத் தனிமையா, பயமா இருக்குது. ஆனா சித்தப்பா இருக்கறாரு.”

வலிக்கு ஒண்ணு. அழுகைக்கு ஒண்ணு. தனிமைக்கு ஒண்ணு. பயத்துக்கு ஒண்ணு. “சித்தப்பா இருக்கறாரு”ங்கறதுக்கு எத்தனைன்னு கேட்டேன். ஒண்ணுமில்லப்பான்னான். சித்தப்பாங்கற வார்த்தை அந்தப் பட்டியல்லயே இல்லையாமா.

எங்கண்ணனுக்காக அந்தப் புள்ள அழுததை நான் அவ மார்க்குல கழிச்சிருக்கறேன் தம்பி. அதை ஊரு முன்னால வேற வெச்சிருக்கறேன். பையன் முன்னால அழுகக் கூச்சப்பட்டுட்டு, கொப்பரையைத் திருப்பிப் போடறாப்புல களத்துக்குப் போயிட்டேன். நல்லாக் காஞ்ச கொப்பரை. திருப்ப வேண்டிய தேவையே இல்லை. ரெண்டு தடவை திருப்புனேன்.

திரும்பி வந்தா அவன் இன்னொண்ணு பண்ணி வெச்சிருந்தான். ஜீவிதாவுக்கு நான் நாலு வருசமா எழுதுனதைப் போட்டிருந்தான். அவ எனக்கு எழுதுனது எரநூத்தி முப்பத்தி சொச்சம். நான் அவளுக்கு எழுதுனது பத்தொம்பது. “சரி.” “ம்.” “ஓகே.” “டின்னு மாத்தியாச்சு.” மீதி கட்டை விரலு. மஞ்சப் பந்துங்க. ஜீரோ.

“ஜீவிதாக்கா உக்கோந்தா நான் சீருக்கு உக்கோருவேன். இல்லாட்டி அந்த எடம் காலியா இருக்கட்டும், ஊரே பாக்கட்டும்”னுட்டான் எம்பையன். அவன் கோவிச்சு நான் பாத்ததில்லை. “போன்ல கேக்காதீங்க. எழுதாதீங்க. நேர்ல போங்க”ன்னான்.

கார்ல வந்திருக்கலாமேன்னு பாக்கறீங்க. பூங்கொடி சாவியைக் குடுக்கல. “பஸ்ஸுலயே போங்க. நல்லாக் குலுங்குனாத்தான் புத்தி எடத்துக்கு வரும்”னா. மத்தியானச் சோறுகூட உங்காம பஸ் ஏறிட்டனுங்க. மாத்திரையும் போடல. அதை யாருகிட்டயும் சொல்லிராதீங்க.

இன்னொரு கூத்தைக் கேளுங்க. நேர்ல போனா எனக்குப் பேச வராது. அதனால காங்கயம் பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டே, என்ன சொல்றதுன்னு போன்ல எழுதிப் பாத்தேன். “ஜீவிதா, தப்புப் பண்ணிட்டேன். முட்டாத்தனம். வெக்கமா இருக்குது. உங்கப்பன் மொகத்துல முழிக்க முடியாத பாவி நானு. மன்னிச்சுக்கோ.” எழுதி முடிச்சனா, கை தானா அதை மெஷின்ல போட்டுருச்சு. திட்டாதீங்க. மைனஸ் ஆறு. ஐயோ, செவப்பா இருக்குதே, இதைக் கேட்டா புள்ள இன்னும் சங்கடப்படுமேன்னு சரிபண்ண உக்கோந்தேன். தப்பை எடுத்தேன். முட்டாத்தனத்தை எடுத்தேன். வெக்கத்தை எடுத்தேன். பாவியை எடுத்தேன். ரெண்டு பஸ்ஸு போயிருச்சு, நான் எடுத்துட்டே இருக்கறேன். கடைசில பச்சை வந்துச்சு. மிச்சம் என்ன இருக்குதுன்னு பாத்தா, “அன்புள்ள ஜீவிதா, நலம்தானே, வாழ்த்துக்கள்.” அப்படியே வர்ஷினி எழுதுனாப்புலயே இருந்துச்சுங்க. எல்லாத்தையும் அழிச்சுட்டு, “பஸ்ஸுல வர்றேன். சித்தப்பா”ன்னு மட்டும் அனுப்பிச்சேன்.

அதுக்குப் பதிலைத்தான் காங்கயத்துல இருந்து பாத்துட்டு வர்றேன். வெள்ளகோயில் வர்றப்பவே ரெண்டு டிக்கும் நீலமாயிருச்சு. பாத்துட்டா. பரமத்தியும் தாண்டிட்டம். ஒண்ணும் வரல. வராட்டியும் நான் எறங்கி அவ ஊட்டு வாசல்ல போய் நிக்கத்தான் போறேன். ஆனா ஒரே ஒரு பயம். “வாங்க சித்தப்பா, நல்லா இருக்கீங்களா, காபி சாப்புடறீங்களா”ன்னு கேட்டுட்டான்னா? மரியாதையாக் கேட்டுட்டான்னா? அப்பறம் நான் எங்க போறது?

அட, அடிக்குது! போனு அடிக்குது. மெசேஜு. அவதான். தம்பி, நீங்க பாருங்க. இருங்க, படிக்காதீங்க. மொதல்ல பூவு கீவு போட்டிருக்கறாளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. பூ இருந்தா படிக்கவே வேண்டாம்.

இல்லீங்களா? ஒண்ணுகூட இல்லீங்களா? அந்தக் கும்புடு? அதுவும் இல்லை. அப்பச் சத்தமாப் படிங்க. பஸ்ஸுல யாரு கேட்டா என்ன, படிங்க.

“சுகரை வெச்சுட்டு இந்த வெயில்ல எந்த முட்டாளாச்சும் பஸ்ஸுல வருவானா”... முட்டாளுன்னா போட்டிருக்கறா? எங்க, காட்டுங்க. ஆமா, போட்டிருக்கறா. மேல படிங்க. “சித்தி இப்பத்தான் போன் பண்ணுனாங்க, மத்தியானம் திங்காமப் போனீங்களாமா, அறிவு கெட்ட ஜென்மம்”... பாத்தீங்களா, பூங்கொடி போட்டுக் குடுத்துட்டா. மேல. “எனக்கு ஆத்திரம் அடங்கல. எங்கப்பா இருந்திருந்தா உங்களை வெளக்குமாத்துல அடிச்சிருப்பாரு”... அடிச்சிருப்பாருங்க. கட்டாயம் அடிச்சிருப்பாரு. மேல, மேல. “வெயில்ல நடந்து வந்து தொலையாதீங்க, பஸ் ஸ்டாண்டுலயே நில்லுங்க, வண்டி எடுத்துட்டு வர்றேன். சேலை சித்திதான எடுத்தாங்க? நீங்க எடுத்ததுன்னா சீருக்குக் கட்டமாட்டேன்.”

சித்திதான் எடுத்துச்சு சாமி, சித்திதான் எடுத்துச்சு.

கரூர் வந்துருச்சுங்களா? எறங்கறேன், எறங்கறேன். பை எங்க? கைலதான் இருக்குது. கண்டக்டரு, ஒரு நிமிசம் விசிலை நிறுத்துங்க, வயசானவன் எறங்கோணுமுல்ல.

தம்பி, போனைக் குடுக்கறதுக்கு முன்னால இன்னொருக்கா படிங்க. அந்த முட்டாள்ல இருந்து.